ஏமாற்றப்பட்ட வாக்காளருக்கு எங்கே முறையீடு? ஒற்றை எம்.பி. கொண்ட அந்தமான் எழுப்பும் கேள்வி

புது தில்லி: அந்தமான் தலைநகரின் ஹேடோ பகுதியிலிருந்து ஒரு சிறிய பாலத்தைக் கடந்தால் சாத்தம் தீவு. 1789-ல் ஆர்ச்சிபால்டு பிளேர் முதல் குடியேற்றத்தை நிறுவிய இடம் இது. 1883-ல் தொடங்கப்பட்ட அரசு மர அறுவை ஆலைதான் இதன் அடையாளம். போர்ட் பிளேர் என்ற பெயர் 2024 செப்டம்பரில் ஸ்ரீ விஜய புரம் என மாற்றப்பட்டது. சாத்தத்தின் பெயர் மாறவில்லை. அங்கு வாழ்வோரின் அரசியல் நிலையும் மாறவில்லை.

அந்தமான் நிகோபார் தீவுகளுக்குச் சட்டப்பேரவை கிடையாது. மாநிலங்களவையில் இடம் கிடையாது. முதல்வரும் இல்லை, அமைச்சரும் இல்லை. குடியரசுத் தலைவரின் சார்பில் துணைநிலை ஆளுநர் நிர்வகிக்கிறார். ஊராட்சி, நகராட்சி அமைப்புகளை விட்டுவிட்டால், சட்டம் இயற்றும் அவைக்குத் தீவு மக்கள் அனுப்பக் கூடியவர் ஒரே ஒரு மக்களவை உறுப்பினர் மட்டுமே. அந்த ஒருவரையும் நேரடியாகத் தேர்ந்தெடுக்கும் உரிமை 1967-ல்தான் கிடைத்தது. அதுவரை அவர் நியமன உறுப்பினராகவே இருந்தார்.

ஐந்தாண்டுகளுக்கு ஒரு முறை கிடைக்கும் அந்த ஒரு வாக்கை, தேர்தல் மேடையில் சொல்லப்பட்ட ஒரு தவறான தகவலை நம்பி ஒருவர் அளித்துவிட்டால், பிறகு அவர் எங்கே முறையிடுவது? சட்டப் புத்தகங்களைப் புரட்டினால் கிடைக்கும் பதில், தீவுக்கு மட்டுமின்றி நாட்டுக்கே கவலை அளிப்பதாக உள்ளது.

704 பேர் போதும்

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தீவுகளின் மக்கள்தொகை 3,80,581. இவர்களில் ஏறத்தாழ ஏழில் ஒருவர் தமிழைத் தாய்மொழியாகக் கொண்டவர். வங்காளம், ஹிந்தி, தமிழ், தெலுங்கு, மலையாளம், நிகோபாரி எனப் பல மொழிகளில் இங்கு வாக்கு கேட்கப்படுகிறது. ஒரு மொழியில் சொல்லப்படுவது இன்னொரு மொழியினரின் காதுக்கு எட்டாமலேயே போகவும் வாய்ப்புண்டு.

2019 மக்களவைத் தேர்தலில் காங்கிரஸ் வேட்பாளர் குல்தீப் ராய் சர்மா இங்கு 1,407 வாக்குகள் வித்தியாசத்தில் வென்றார். 704 பேர் மனம் மாறி வாக்களித்திருந்தால் முடிவு தலைகீழாகியிருக்கும். 2024-ல் பாஜகவின் விஷ்ணு பத ராய் 24,396 வாக்குகள் வித்தியாசத்தில் இடத்தை மீட்டார். இவ்விரு தேர்தல்களிலும் முடிவைத் தீர்மானித்தது பொய்ப் பிரசாரம் என்று கூறுவதற்கில்லை. ஆனால் மிகச் சிறிய வித்தியாசத்தில் முடிவு நிர்ணயிக்கப்படக் கூடிய ஒரு தொகுதியில், வேட்பாளர் உதிர்க்கும் ஒவ்வொரு சொல்லுக்கும் எவ்வளவு எடை உண்டு என்பதை இந்த எண்ணிக்கை உணர்த்துகிறது.

சாத்தம் ஆலை சொல்லும் பாடம்

மேடைப் பேச்சின் உண்மையை எடைபோடுவது வாக்காளருக்கு எத்தனை கடினம் என்பதற்குச் சாத்தம் மர அறுவை ஆலையே நல்ல உதாரணம். தீவுகளின் காடுகள் குறித்து ஆராய்ந்த சேகர் சிங் ஆணையத்தின் அறிக்கையை அடிப்படையாகக் கொண்டு, 2002 மே 7-ல் உச்ச நீதிமன்றம் மரம் வெட்டுவதற்குக் கடும் கட்டுப்பாடுகளை விதித்தது. வன நில ஆக்கிரமிப்புகளை அகற்றவும் உத்தரவிட்டது. மரத்தை நம்பியிருந்த தொழில்கள் அதன் பிறகு சுருங்கின.

இந்நிலையில், "ஆலையைப் பழைய நிலைக்குக் கொண்டு வருவேன்" என்றோ, "காட்டு நிலத்தில் குடியிருப்போர் அனைவருக்கும் பட்டா வாங்கித் தருவேன்" என்றோ ஒரு வேட்பாளர் முழங்குவதாக வைத்துக் கொள்வோம். அதற்கு உச்ச நீதிமன்றத்தின் அனுமதி வேண்டும். வனச் சட்டங்கள் இடம் தர வேண்டும். உள்துறை அமைச்சகமும் சுற்றுச்சூழல் அமைச்சகமும் இசைய வேண்டும். தனியொரு எம்.பி.யின் கையில் உள்ளவை மிகக் குறைவு. அவையில் கேள்வி எழுப்பலாம், விவாதத்தில் பேசலாம், தனிநபர் மசோதா கொண்டு வரலாம், ஆண்டுக்கு ரூ.5 கோடி தொகுதி மேம்பாட்டு நிதியில் பணிகளைப் பரிந்துரைக்கலாம். இந்த எல்லையை மறைத்து வாக்கு கேட்பது வாக்குறுதியா, ஏமாற்றா?

சாதனைக்கு உரிமை கோருவதிலும் இதே சிக்கல் உண்டு. சென்னையையும் தீவுகளையும் இணைக்கும் கடலடிக் கண்ணாடி இழை கேபிள் திட்டத்துக்கு 2018 டிசம்பர் 30-ல் பிரதமர் நரேந்திர மோடி அடிக்கல் நாட்டினார். 2020 ஆகஸ்ட் 10-ல் அவரே அதைத் தொடங்கி வைத்தார். அடிக்கல் நாட்டியபோது தீவின் எம்.பி. பாஜகவைச் சேர்ந்தவர், தொடங்கி வைத்தபோது எம்.பி. காங்கிரஸ்காரர். ரூ.1,224 கோடி செலவிலான இத்திட்டத்தை, தொலைத்தொடர்பு சேவைக்கான மத்திய நிதியைக் கொண்டு பி.எஸ்.என்.எல். நிறைவேற்றியது. "கேபிளைக் கொண்டு வந்தது நான்தான்" என்று நாளை எவர் கூறினாலும் அதில் எத்தனை பங்கு உண்மை என்று வாக்காளரால் எளிதில் கண்டறிய முடியாது.

சட்டம் எதைத் தடுக்கிறது?

தேர்தல் பொய்யைச் சட்டம் முற்றிலும் கண்டுகொள்ளாமல் இல்லை. 1951-ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 123(4)-வது பிரிவு, பொய்யான தகவலை வெளியிடுவதை ஊழல் நடவடிக்கை என்றே வகைப்படுத்துகிறது. நிரூபிக்கப்பட்டால் வெற்றி செல்லாததாகும். ஆறு ஆண்டுகள் வரை போட்டியிடத் தடையும் வரலாம். ஆனால் அந்தப் பொய், மற்றொரு வேட்பாளரின் தனிப்பட்ட குணம் அல்லது நடத்தை, அல்லது அவர் போட்டியிடுவது, விலகுவது ஆகியவை பற்றியதாக இருக்க வேண்டும். அது பொய் எனச் சொன்னவருக்குத் தெரிந்திருக்க வேண்டும், அல்லது உண்மை என்று அவர் நம்பாதிருக்க வேண்டும். எதிராளியின் வெற்றி வாய்ப்பைப் பாதிக்கும் தன்மையும் அதற்கு இருக்க வேண்டும்.

வேட்பாளரின் குணநலன் பற்றிய பொய்யைத் தண்டிக்கும் குற்றவியல் சட்டப் பிரிவும் உண்டு. இந்திய தண்டனைச் சட்டத்தில் 171ஜி என இருந்த அது, 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சம்ஹிதையின் 175-வது பிரிவாகத் தொடர்கிறது. அதற்குரிய தண்டனை அபராதம் மட்டுமே. சொத்து விவரம், குற்ற வழக்குகள் குறித்துப் பிரமாணப் பத்திரத்தில் பொய் கூறினால் 125ஏ பிரிவின்படி ஆறு மாதம் வரை சிறைத் தண்டனை விதிக்கலாம்.

ஆக, எதிராளியைப் பற்றிப் பொய் சொன்னால் வழக்கு. தன் சொத்தைப் பற்றிப் பொய் சொன்னால் வழக்கு. நாட்டின் நிதிநிலை, வேலைவாய்ப்பு, கப்பல் சேவை, நிலப் பட்டா, எதிர்க்கட்சியின் கொள்கை ஆகியவற்றைப் பற்றிப் பொய் சொன்னால் இப்பிரிவுகளின்படி வழக்கு இல்லை. சாத்தத்தில் உள்ள ஒரு வாக்காளர், முடிவு அறிவிக்கப்பட்ட 45 நாள்களுக்குள் கல்கத்தா உயர் நீதிமன்றத்தில் தேர்தல் மனு தாக்கல் செய்யலாம். ஆனால் தான் ஏமாற்றப்பட்டதாக மட்டும் கூறி அந்த மனுவை வெல்ல முடியாது.

தமிழகத்திலிருந்து வந்த வழக்கு

தேர்தல் வாக்குறுதிகள் குறித்த மிக முக்கியமான தீர்ப்பு தமிழகத்திலிருந்து சென்ற வழக்கில் பிறந்தது என்பது குறிப்பிடத்தக்கது. 2006 தேர்தலில் திமுக அறிவித்த இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டத்தையும், 2011-ல் அதிமுக அறிவித்த மிக்ஸி, கிரைண்டர், மின்விசிறி, மடிக்கணினித் திட்டங்களையும் எதிர்த்து சுப்பிரமணியம் பாலாஜி உச்ச நீதிமன்றத்தை அணுகினார். நீதிபதிகள் பி.சதாசிவம், ரஞ்சன் கோகோய் ஆகியோர் அடங்கிய அமர்வு 2013 ஜூலை 5-ல் தீர்ப்பளித்தது. தேர்தல் அறிக்கையில் இடம்பெறும் வாக்குறுதி 123-வது பிரிவின்படி ஊழல் நடவடிக்கை ஆகாது என்று கூறிய நீதிபதிகள், தேர்தல் அறிக்கைகளுக்கு வழிகாட்டு நெறிகளை வகுக்குமாறு தேர்தல் ஆணையத்துக்கு உத்தரவிட்டனர்.

அதன்படி 2014-ல் தேர்தல் நடத்தை விதிமுறைகளில் புதிய பகுதி சேர்க்கப்பட்டது. வாக்குறுதிக்கான நியாயத்தையும், அதற்கு நிதி திரட்டும் வழியையும் கட்சிகள் பொதுவாகவேனும் குறிப்பிட வேண்டும். நிறைவேற்றக் கூடிய வாக்குறுதிகளைக் கூறியே வாக்காளரின் நம்பிக்கையைக் கோர வேண்டும் என்பது அதன் சாரம். 2022 அக்டோபரில் ஆணையம் ஒரு படி மேலே சென்று, ஒவ்வொரு வாக்குறுதிக்கும் ஆகும் செலவையும் வருவாய் வழியையும் தெரிவிக்கத் தனிப் படிவம் ஒன்றை முன்மொழிந்து கட்சிகளின் கருத்தைக் கேட்டது. அது ஆணையத்தின் வேலை அல்ல என்று காங்கிரஸ் உள்ளிட்ட கட்சிகள் எதிர்ப்புத் தெரிவித்தன.

தேர்தல் வாக்குறுதியை நிறைவேற்றாத கட்சி மீது நடவடிக்கை கோரிய ஒரு வழக்கில், அதைத் தண்டிக்கச் சட்டத்தில் இடமில்லை என்று அலாகாபாத் உயர் நீதிமன்றம் 2022-ல் கூறிவிட்டது.

மன்னிப்புக் கேட்டவர்கள்

மேடைப் பேச்சுக்காகத் தலைவர்கள் மன்னிப்புக் கேட்ட நிகழ்வுகளும் உண்டு. அவை ஏன் நிகழ்ந்தன என்பதுதான் கவனிக்கத்தக்கது.

2019 தேர்தலின்போது, ரஃபேல் விவகாரத்தில் பிரதமருக்கு எதிரான தமது முழக்கத்தை உச்ச நீதிமன்றமே ஏற்றுக் கொண்டுவிட்டதாக ராகுல் காந்தி பேசினார். நீதிமன்றம் அவ்வாறு கூறவில்லை. பாஜகவின் மீனாட்சி லேகி தொடர்ந்த அவமதிப்பு வழக்கில் மே 8-ல் ராகுல் நிபந்தனையற்ற மன்னிப்புக் கோரினார். எதிர்காலத்தில் கூடுதல் கவனம் தேவை என்ற அறிவுரையுடன் நவம்பர் 14-ல் வழக்கு முடிக்கப்பட்டது.

2024 மார்ச்சில், தேர்தல் அறிவிக்கப்பட்ட சில நாள்களில், பெங்களூரு ராமேஸ்வரம் கஃபே குண்டுவெடிப்புடன் தமிழகத்திலிருந்து வந்தவர்களைத் தொடர்புபடுத்தி மத்திய இணையமைச்சர் ஷோபா கரந்தலஜே பேசினார். திமுக புகார் அளித்தது. நடவடிக்கை எடுக்குமாறு கர்நாடகத் தலைமைத் தேர்தல் அதிகாரிக்கு ஆணையம் உத்தரவிட்டது. மதுரையில் போலீஸார் வழக்குப் பதிவு செய்தனர். எதிர்ப்பு எழுந்ததும் சமூக ஊடகத்தில் அவர் பேச்சைத் திரும்பப் பெற்றார். ஆனால் சென்னை உயர் நீதிமன்றத்தில் தமிழக மக்களிடம் மன்னிப்புக் கோரி அவர் பிரமாணப் பத்திரம் தாக்கல் செய்ததும், தமிழக அரசு அதை ஏற்றதால் வழக்கு ரத்தானதும் செப்டம்பரில். அதற்கு மூன்று மாதங்களுக்கு முன்பே பெங்களூரு வடக்குத் தொகுதியில் வென்று அவர் மீண்டும் அமைச்சராகியிருந்தார்.

முதல் வழக்கில் காக்கப்பட்டது நீதிமன்றத்தின் மாண்பு. இரண்டாவதில் காக்கப்பட்டது சமூக நல்லிணக்கம். இரண்டும் அவசியமே. ஆனால் இவ்விரண்டிலும், தவறான தகவலைக் கேட்டு வாக்களிக்கச் சென்றவருக்கு அநீதி இழைக்கப்பட்டது என்ற கேள்வி எழவே இல்லை.

காலதாமதமும் ஒரு சலுகையாகவே அமைகிறது. 2024 ஏப்ரலில் பிரதமர் மோடி, ராகுல் காந்தி ஆகியோரின் உரைகள் மீதான புகார்களுக்காக, பேசியவர்களுக்கு அல்லாமல் அவர்களின் கட்சித் தலைவர்களான ஜே.பி.நட்டா, மல்லிகார்ஜுன கார்கே ஆகியோருக்கு ஆணையம் ஏப்ரல் 25-ல் நோட்டீஸ் அனுப்பியது. நட்சத்திரப் பேச்சாளர்களை நெறிப்படுத்துமாறு இரு கட்சிகளுக்கும் மே 22-ல் அறிவுறுத்தியது. அப்போது ஏழு கட்ட வாக்குப்பதிவில் ஐந்து முடிந்திருந்தன. அந்தமானில் வாக்குப்பதிவு முடிந்து 33 நாள்கள் ஆகியிருந்தன.

அவைக்குள் வேறு நியாயம்

இதே அரசியல்வாதிகள் தேர்தலில் வென்று நாடாளுமன்றத்துக்குள் நுழைந்ததும் நிலைமை மாறிவிடுகிறது. அமைச்சரோ உறுப்பினரோ அவையில் தவறான தகவல் தந்தால், மக்களவைத் தலைவரின் 115-வது நெறிமுறையின் கீழ் மற்றொரு உறுப்பினர் அதை எழுத்து மூலம் சுட்டிக்காட்டித் திருத்தம் கோரலாம். வேண்டுமென்றே அவையைத் தவறாக வழிநடத்தினால் உரிமை மீறல் பிரச்னை எழுப்பலாம்.

வாக்குறுதிகளுக்கும் கணக்கு உண்டு. மக்களவையில் 1953 முதலே அரசு உறுதிமொழிக் குழு இயங்கி வருகிறது. "பரிசீலனையில் உள்ளது", "விவரம் சேகரித்து அவையில் வைக்கப்படும்" என்பன போன்ற சாதாரணச் சொற்களையும் அது உறுதிமொழியாகவே கருதும். அமைச்சர்களின் பதில்களிலிருந்து இத்தகைய சொற்கள் தேடியெடுக்கப்பட்டுப் பட்டியலிடப்படுகின்றன. மூன்று மாதங்களுக்குள் அவற்றை நிறைவேற்ற வேண்டும். இயலாவிட்டால் காரணம் கூறிக் கூடுதல் அவகாசம் கேட்க வேண்டும். ஆண்டுக்கணக்கில் இழுபடும் உறுதிமொழிகளும் இருக்கின்றன. எனினும் பட்டியல் இருக்கிறது; கேள்வி கேட்க ஓர் அமைப்பு இருக்கிறது.

543 உறுப்பினர்களைக் கொண்ட அவையிடம் உண்மை பேச வேண்டிய கடமை ஏட்டில் எழுதப்பட்டுள்ளது. அந்த அவையை உருவாக்கும் கோடிக்கணக்கான வாக்காளர்களிடம் உண்மை பேச வேண்டிய கடமையோ, சட்ட வலுவற்ற நடத்தை விதியாக மட்டுமே நிற்கிறது. சரிபார்க்கப்படாத குற்றச்சாட்டுகளையும் திரித்துக் கூறுவதையும் தவிர்க்க வேண்டும் என்று அந்த விதிமுறைகள் கூறினாலும், மீறினால் பெரும்பாலும் கிடைப்பது எச்சரிக்கைதான்.

பிற நாடுகளின் அனுபவம்

பிரிட்டனில் 2010-ல் ஓல்ட்ஹாம் கிழக்கு தொகுதியில் 103 வாக்குகள் வித்தியாசத்தில் வென்ற தொழிற்கட்சியின் பில் வூலஸ், எதிர் வேட்பாளர் குறித்துத் துண்டுப் பிரசுரங்களில் பொய் கூறியதற்காகப் பதவி இழந்தார். தேர்தல் நடந்த ஆறு மாதங்களில் தீர்ப்பு வந்தது. ஆனால் அதுவும் எதிராளியின் தனிப்பட்ட நடத்தை பற்றிய பொய்க்கான தண்டனையே.

தெற்கு ஆஸ்திரேலியா ஒரு படி முன்னே சென்றது. அங்கு 1985-ஆம் ஆண்டின் தேர்தல் சட்டம், தேர்தல் விளம்பரங்களில் உண்மை விவரம் தவறாகவும் பெருமளவு திசைதிருப்புவதாகவும் இருந்தால் அதைத் திரும்பப் பெற்றுத் திருத்தம் வெளியிடுமாறு கோரத் தேர்தல் ஆணையருக்கு அதிகாரம் அளிக்கிறது. கருத்துகளுக்கும் எதிர்கால வாக்குறுதிகளுக்கும் இது பொருந்தாது. வேல்ஸ் அரசும் 2024 ஜூலையில், வேண்டுமென்றே பொய் கூறும் உறுப்பினர்களையும் வேட்பாளர்களையும் தகுதி நீக்கம் செய்ய வழிவகுக்கும் சட்டம் கொண்டு வருவதாக உறுதியளித்தது.

உண்மையை யார் தீர்மானிப்பது?

இத்தகைய சட்டத்துக்கு எதிரான வாதத்தை எளிதில் ஒதுக்கிவிட முடியாது. எது பொய் என்று தீர்மானிக்கும் அதிகாரம் ஆளும் தரப்பிடம் சென்றால், அது எதிர்க்கட்சியின் வாயை அடைக்கும் கருவியாகிவிடும். மத்திய அரசு பற்றிய செய்திகளில் எது பொய் என்பதை அரசே அடையாளம் காட்டுவதற்கான உண்மை சரிபார்ப்புப் பிரிவை அனுமதித்த விதியை, மும்பை உயர் நீதிமன்றம் 2024 செப்டம்பரில் ரத்து செய்ததை இங்கு நினைவுகூர வேண்டும். மேலும், நிறைவேறாத வாக்குறுதிகள் எல்லாம் பொய் ஆகா. புயலோ, நோயோ, கூட்டணி நெருக்கடியோ நல்லெண்ணத்தில் கூறிய வாக்குறுதியையும் முடக்கிவிடக் கூடும்.

எனவே மிகைப்பேச்சையும், நிறைவேறாத கனவையும் தண்டிக்கத் தேவையில்லை. சரிபார்க்கத்தக்க உண்மை விவரத்தைத் தெரிந்தே திரித்துக் கூறுவது மட்டும் பிரித்துப் பார்க்கப்பட வேண்டும். அதற்கும் முதல் தேவை சிறைத் தண்டனை அல்ல. வாக்குப்பதிவுக்கு முன்பே வெளியாகும் திருத்தம். தவறான தகவல் எந்த மேடையில், எந்த மொழியில் சொல்லப்பட்டதோ அதே இடத்தில், அதே மொழியில் அந்தத் திருத்தமும் சென்றடைய வேண்டும். அதை உத்தரவிடும் அதிகாரம், அரசின் கைக்கு எட்டாத ஓர் அமைப்பிடமே இருக்க வேண்டும். அதன் முடிவை எதிர்த்து உயர் நீதிமன்றத்தை அணுகவும் வழி வேண்டும்.

இரண்டாவது தேவை, கணக்கு. அமைச்சரின் "பரிசீலிக்கிறோம்" என்ற சொல்லையே பட்டியலிட்டுப் பின்தொடரும் நாடாளுமன்றத்தால், ஆளும் கட்சியின் தேர்தல் அறிக்கையைப் பட்டியலிட்டு ஆண்டுதோறும் நிலவரம் கேட்க முடியாதா? உறுதிமொழிக் குழுவுக்கு இணையான ஏற்பாட்டுக்கு அரசமைப்புச் சட்டத் திருத்தம் தேவையில்லை. அவையின் விதிகளைத் திருத்தினாலே போதும். ஆனால் எல்லாக் கட்சிகளும் ஒரு நாள் ஆளும் கட்சியாக விரும்புபவை என்பதால், இதை வலியுறுத்த எக்கட்சியும் முன்வரவில்லை.

இத்தகைய ஏற்பாடு வரும்வரை சாத்தம் வாக்காளரின் கையில் உள்ளது ஒன்றே. தங்கள் எம்.பி. எத்தனை கேள்விகள் எழுப்பினார், எதைப் பற்றிப் பேசினார், மேம்பாட்டு நிதியை எதற்குப் பரிந்துரைத்தார் என்ற விவரங்கள் அனைத்தும் நாடாளுமன்ற ஆவணங்களிலும் அரசுப் பதிவுகளிலும் உள்ளன. அவற்றை மேடைப் பேச்சுடன் ஒப்பிட்டுப் பார்க்கலாம். "இதைச் செய்வேன்" என்பவரிடம் "இது உங்கள் அதிகாரத்தில் உள்ளதா?" என்று கேட்கலாம்.

சட்டப்பேரவை உள்ள மாநிலங்களில், மக்களவைத் தேர்தலில் ஏமாந்தவர் சட்டப்பேரவைத் தேர்தலில் கணக்குத் தீர்த்துக் கொள்ளலாம். அந்தமான் வாக்காளருக்கு அந்த வாய்ப்பும் இல்லை. வழக்கமான காலக்கெடுவின்படி, அவர் இனி 2029 வரை காத்திருக்க வேண்டும். எதிராளியின் பெயருக்கும், நீதிமன்றத்தின் மாண்புக்கும், அவையின் உரிமைக்கும் காவல் போட்டிருக்கும் சட்டம், வாக்காளரின் நம்பிக்கைக்கும் ஒரு காவலை ஏற்படுத்துமா என்பதே அதுவரை எஞ்சி நிற்கும் கேள்வி.